காலிதாவின் நாற்பத்தொரு கேசட்டுகள்

தேவிபட்டினத்து ஹசன் அலி சவூதியில் தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தார். நாள்தோறும் தகவல்களை டேப்பில் பதிந்து, பதிந்தது சரிதானா என்று பார்த்து, அலமாரியில் அடுக்கும் வேலை. பழசென்று ஒதுக்கிய, அந்த டேப்பில் பதியும் டிரைவ் ஒன்றை, ஊர் திரும்பும்போது கேட்டு வாங்கிவந்தார். ஊரெல்லாம் டிவி கொண்டுவர, இவர் இதைச் சுமந்துவந்ததைப் பார்த்து மனைவி காலிதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த டிரைவுக்கு வேலை வைத்ததும் அவள்தான். அவர் தம்மாமில் இருந்த, போன் வசதியில்லாத காலத்தில், கேசட்டில் பேசி, அங்கே போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். மொத்தம் நாற்பத்தொரு கேசட்; எல்லாவற்றையும் அவர் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். உப்புக்காற்றில் பூசணம் பிடிக்கத் தொடங்கவும், ஹசன் அலி ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து, "இது நஸீஹா பிறந்த வருசம்", "இது பெரிய புயலடிச்சப்ப" என்று அவள் சொல்லச் சொல்ல, ஃபைலுக்குப் பெயரும் தமிழிலேயே அடித்தார்.

"இங்கிலீசுல வச்சா எனக்கு எப்படித் தெரியும் மச்சான்?" என்றாள்.

பூசண வாடை அவளுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பியது. "அதான் கம்ப்யூட்டர்ல ஏறிருச்சுல்ல" என்று கேசட்டுகளை அவளே குப்பைவண்டியில் போட்டுவிட்டாள்.

கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அந்த டிரைவில் போட்டு டேப்பில் ஒரு பிரதி எடுக்க இரண்டு சாஃப்ட்வேர் கிடைத்தன. பழையது, எழுதி முடித்ததும் டேப்பை முதலிலிருந்து ஓட்டி ஒவ்வொரு ஃபைலையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அரை நாள் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. புதியது முக்கால் மணி நேரத்தில் பச்சை டிக் காட்டிவிடும். காலிதாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு ராமநாதபுரம் கூட்டிப்போய்க்கொண்டிருந்த சமயம். புதியதையே வைத்துக்கொண்டார். வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புமுன் டேப்பைப் போடுவார். திரும்பி வந்து பச்சை டிக்கைப் பார்ப்பார். விவரம் படிக்க அதன் கீழே ஒரு பட்டன் இருந்தது. கம்பெனியில் அதைப் படிக்காமல் ஒருநாளும் தங்கும் அறைக்குத் திரும்பியதில்லை. வீட்டில் ஒருநாளும் படித்ததில்லை.

நோய் முற்றிக் காலிதா மௌத்தானாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த வாரம், அவள் குரலைக் கேட்கலாமென்று கம்ப்யூட்டரைப் போட்டார். அது எழும்பவேயில்லை. மதுரை வரைக்கும் எடுத்துப் போனார். ஹார்டு டிஸ்க்கில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள்.

"டேப் இருக்கும்மா" என்றார் மகள் நஸீஹாவிடம், பதறாமல்.

வேறு கம்ப்யூட்டரில் டேப்பைப் போட்டார்கள். பாஸ்போர்ட் நகல், வீட்டுப் பத்திரம், கரண்ட் பில் எல்லாம் வந்தன. காலிதாவின் ஃபோல்டர் காலியாக வந்தது. வெள்ளிதோறும் முறைவைத்துப் பதிந்த பதினோரு டேப்பையும் மாற்றி மாற்றிப் போட்டார். கடைசியில்தான், டேப்பிலேயே பதிவாகியிருந்த விவரத்தைப் படிக்க அந்தப் பட்டனை அழுத்தினார். நாற்பத்தொரு வரி. தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். பெயரைப் படிக்க முடியாததால் விடப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே இங்கிலீஷில் இருந்தது. எல்லா டேப்பிலும் அப்படியே.

"எவனோடதையோ இருபத்திரண்டு வருசம் ஒரு வரி விடாமப் படிச்சேம்மா. உங்க உம்மாவோடத ஒரு நா பாக்கல."

"உம்மாவப் பாத்துக்கிறதுக்கே உங்களுக்குப் பொழுது பத்தல வாப்பா. நீங்க என்ன செய்வீக?"

அவர் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அந்தப் பழைய சாஃப்ட்வேரைத் தேடிப் போட்டு, நஸீஹாவின் போனிலிருந்த காலிதாவின் படங்களை டேப்பில் ஏற்றினார். ஒப்பிட்டு முடியும்வரை அரை நாளும் எதிரே உட்கார்ந்திருந்தார்.

நஸீஹாவும் கூட உட்கார்ந்தாள். "நான் பிறந்த வருசக் கேசட்டுல உம்மா என்ன பேசுச்சு வாப்பா?"

தம்மாமில் நூறு தடவை கேட்டது. வரிசை தவறாமல் ஞாபகத்துக்கு வந்தது.

"ஒனக்குத் தல நெறைய முடியாம். கெணத்துத் தண்ணி உப்பாயிருச்சாம். நான் சாப்பிட்டேனான்னு..."

வார்த்தை அவளுடையதுதான். ஆனால் அறையில் கேட்டது அவர் குரல். நஸீஹா முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.