சுரங்கத்தில் எடுத்த படம்

எங்கள் சித்தப்பாவிடம் கமரா அகப்பட்டால் குரங்கின் கையில் பூமாலைதான். நான் மூன்றாம் வகுப்புப் படித்த கோடையில், கொங்ஸ்பேர்க்கில் உள்ள பழைய வெள்ளிச் சுரங்கத்தைப் பார்க்க நாங்கள் குடியேறியிருந்த வெஸ்ட்லியிலிருந்து எல்லோரும் போனோம். இப்போது அங்கே யாரும் வெள்ளி வெட்டுவதில்லை. சின்ன ரயிலில் மலைக்குள் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். உள்ளே பல் தந்தியடித்தது. அந்தக் காலத்தில் நெருப்பு மூட்டித்தான் பாறையை உடைத்தார்களாம். அந்தக் கரி இன்னமும் சுவரில் இருந்தது. சித்தப்பா அதை வழித்து, தலைக்கவசத்தோடு நின்ற அப்பாவின் முகத்தில் பூசினார். சிரிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுப் படம் எடுத்தார்.

அதைப் பகிடிக்காக, பின்னால் ஒரு வரியும் எழுதாமல், யாழ்ப்பாணத்துக்கு அப்பப்பாவுக்கு அனுப்பியும் விட்டார்.

அப்பப்பாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்திருந்தது. செலவு அப்பாவுடையது. படத்தைப் பார்த்த மனுஷன் மாட்டேன் என்றுவிட்டார். கந்தோரில் மேசை உத்தியோகம் என்று மகன் இத்தனை வருடமும் சொன்னது பொய், மண்ணுக்குள் கிடந்துதான் உழைக்கிறான், அந்தக் காசில் தனக்கு வைத்தியம் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார். சித்தப்பா தொலைபேசியில் மன்றாடியும் பலிக்கவில்லை.

கடைசியில் அப்பாவே தொலைபேசி எடுத்தார். அப்பப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் அவர் கத்தித்தான் கதைப்பார். பக்கத்தில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“அது சும்மா பாக்கப் போன இடம், ஐயா. நான் சுரங்கத்திலை வேலை செய்யேல்லை.”

“அப்ப என்ன வேலை செய்யிறாய், தம்பி? உண்மையைச் சொல்லு. நான் கோவிக்கமாட்டன்.”

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. பள்ளிக்கூடத்தில் பெற்றோரின் வேலையை வரையச் சொன்னபோது நான் வாளியும் மொப்புமாக அப்பாவை வரைந்திருந்தேன். ஆசிரியை அதைச் சுவரில் ஒட்டியது எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா என் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

“கந்தோரிலைதான், ஐயா.”

சுரங்கத்துக்குள் கவனமாக இருக்கச் சொல்லிவிட்டு அப்பப்பா வைத்துவிட்டார்.

சத்திரசிகிச்சை செய்யாமலே மார்கழியில் அவர் செத்துப்போனார். துக்கம் விசாரிக்க வந்த சனத்தால் எங்கள் வீடு நிறைந்திருந்தது. எல்லோரும் சித்தப்பாவைத்தான் ஏசினார்கள்; அவர் மூலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“துடைக்கிற வேலை எண்டு அப்பா சொல்லியிருந்தா அப்பப்பா நம்பியிருப்பார்தானே?” என்று கேட்டேன்.

அம்மா என் வாயில் ஓங்கி அடித்தார். அப்பா என்னைத் தடவிக்கொடுக்கவும் வரவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பொய் சொன்னவரை விட்டுவிட்டு என்னை அடிக்கிறார்களே என்றுதான் அன்று முழுக்க அழுதேன்.