‘கேட்கல’ என்றாள், ‘புரியல’ என்றேன்

சென்ற ஒலிம்பிக்குக்கு முந்தைய மழைக்காலம். பெண்கள் கால்பந்தில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்குப் போகிற அணியைத் தேர்ந்தெடுக்க, எங்கள் பூனாவில்தான் ஆறு வாரம் கேம்ப் போட்டிருந்தார்கள். சாங்வியில் எங்கள் வீட்டிலிருந்து மைதானத்துக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிஷம். மற்ற பெண்கள் எங்கெங்கிருந்தோ இரண்டு மூன்று நாள் ரயிலில் வந்து கிடக்க, நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவேன். நான் கோல்கீப்பர். கேம்ப்பில் கீப்பர்கள் நாலு பேர், விமானம் ஏறப்போவது மூன்று பேர். அந்த நாலாவது ஆள் நான்தானோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், அது நன்றாகவே இறங்கியது. தூக்கம்தான் வரவில்லை.

இரண்டாவது வாரம் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயது. டிஃபெண்டர். பார்க்க ஒல்லிக்குச்சி, ஆனால் அவளைத் தாண்டி ஒரு பந்து போகாது. ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. இங்கிலீஷில் மைதானத்துக்கு வேண்டிய நாலைந்து வார்த்தைகள் தெரியும். கேம்ப்பில் அவளுக்கு ‘மெட்ராஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “நான் மெட்ராஸைப் பாத்ததே இந்த ரயிலு ஏறத்தாங்க்கா” என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள்.

அவள் வந்த முதல் நாளே கோச் மேடம் என்னைக் கூப்பிட்டார். “நான் பேசுவதை நீ அவளுக்குச் சொல்ல வேண்டும், அவள் பேசுவதை எனக்குச் சொல்ல வேண்டும், இனி இது உன் பொறுப்பு” என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் பூனா. தமிழ் தெரிந்ததற்காக இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். அன்றிலிருந்து அவள் என்னை விட்டு நகரவில்லை. சாப்பிடும்போது பக்கத்தில், பஸ்ஸில் பக்கத்தில். அம்மாவின் பாளையங்கோட்டைத் தமிழில் நான் “ஏட்டி” என்று கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்ட மாதிரி சிரிப்பாள்.

ஒரே டீமில் இரண்டு தமிழ்ப் பெண்கள், ஒருத்தி கீப்பர், ஒருத்தி அவளுக்கு முன்னால் நிற்கிற டிஃபெண்டர். எனக்கு ஒரு யோசனை வந்தது. பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து விழும்போது யார் எடுப்பது என்று கீப்பர்தான் கத்திச் சொல்ல வேண்டும். எல்லோரும் இங்கிலீஷில் கத்துவார்கள், எதிர் டீமுக்கும் அது புரிந்துவிடும். நாம் தமிழில் கத்தினால் என்ன? நீயே எடுத்து அடி என்றால் ‘எடு’. நான் வருகிறேன், நீ தொடாதே என்றால் ‘விடு’. மேடமுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

நாலு நாள் கழித்து ப்ராக்டிஸில் நான் ‘விடு’ என்று கத்த, அவள் காலை வீசிவிட்டாள். இரண்டு பேரும் மோதிக்கொள்ளாமல் தப்பித்தது அதிர்ஷ்டம். முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்து சொன்னாள்.

“அக்கா, நீங்க விடுன்னு கத்துறது காத்துல எனக்கு எடுன்னு வுழுதுக்கா. வுடுன்னு கத்துங்களேன். எங்கூர்ல அப்டித்தான் சொல்லுவோம், நல்லாக் கேக்கும்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “வுடு, வுழுது! ஏட்டி, இது என்ன தமிழ்?”

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் வேதம் வாசிப்பவள் என் அம்மா. வீட்டில் யாராவது ‘வுடு’ என்றால் வாயில் மிளகாய் வைக்காத குறைதான். தமிழில் நாலு வரி எழுதினால் எட்டுப் பிழை விடுகிற எனக்கு, உச்சரிப்பில் மட்டும் அப்படி ஒரு திமிர். அந்த வாரம் வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். ‘வுடு’ என்று மட்டும் ஒரு நாளும் நான் கத்தவில்லை.

கடைசி வாரம் சனிக்கிழமை காலை, தேர்வு மேட்ச். அன்று மத்தியானமே பட்டியல் ஒட்டிவிடுவார்கள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, அப்படி ஒரு காற்று வேறு. முதல் பாதி முழுக்க அவள்தான் என்னைக் காப்பாற்றினாள். இரண்டாம் பாதியில் நீளமாக ஒரு பந்து வந்தது. எதிர் டீம் பெண் பாய்ந்து வந்தாள். இவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தைப் பார்த்து ஓடினாள். நான் கோலை விட்டு வெளியே வந்து தொண்டை கிழிய ‘விடு’ என்றேன். அவள் காலை நீட்டினாள். பந்து அவள் முழங்காலில் பட்டு, என்னைத் தாண்டி, காலியாகக் கிடந்த எங்கள் கோலுக்குள் போய் நின்றது.

மேட்ச் முடிந்ததும் மேடம் எங்கள் இரண்டு பேரையும் ஓரமாகக் கூப்பிட்டார். கையில் எங்கள் பெயர்கள் எழுதிய பேப்பர் கட்டு. “இவள் என்ன சொல்கிறாள், கேள்” என்று ஹிந்தியில் என்னிடம் சொன்னார்.

அவள் மூச்சு வாங்க, படபடவென்று சொன்னாள். “அக்கா விடுன்னுதான் கத்திருப்பாங்க. எனக்கு எடுன்னு கேட்டுச்சு. அன்னிக்கே சொன்னேன்லக்கா? சரியாக் கேக்கல, அவ்ளோதான். இனிமே எல்லாரு மாரியும் இங்கிலீஷ்லயே கூப்டலாம்னு மேடம்கிட்ட சொல்லுங்க. அது எனக்கு நல்லாத் தெரியும்.”

அதில் என்மேல் ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை. ஆனால் நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். அன்றைக்கே சொன்னாள் என்பதைச் சொன்னால், ஏன் மாற்றவில்லை என்று மேடம் கேட்பார். தமிழில் கத்துவது யார் யோசனை? என் யோசனை. நாலாவது கீப்பர் யார்? மேடம் பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஹிந்தியில் ஆரம்பித்தேன். மழை, காற்று, அவளுக்கு ரொம்ப வருத்தம், மன்னிப்புக் கேட்கிறாள், சின்னப் பெண் என்றெல்லாம் இழுத்து, கடைசியில் சொன்னேன்: “உஸ்கோ சமஜ் மே நஹி ஆயா.”

அவளுக்குப் புரியவில்லையாம்.

அவள் சொன்னது கேட்கவில்லை என்று. நான் சொன்னது புரியவில்லை என்று. ஹிந்தி எனக்குத் தடுமாறும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பள்ளியில் சண்டை போட்டதே ஹிந்தியில்தான். தெரிந்தேதான் சொன்னேன்.

மேடம் பெருமூச்சு விட்டார். நல்ல கால்கள், ஆனால் டிஃபென்ஸ் என்பது முழுக்கப் பேச்சு, தன் மொழியில் கூப்பிட்டும் புரியாத பெண்ணை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் நான் என்ன செய்வது என்றார். பேப்பரில் என்னவோ எழுதினார். அவள் என் முகத்தையும் மேடம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் சாப்பாட்டு ஹால் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாவது கீப்பராக என் பெயர் இருந்தது. அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை தேடினாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“பரவால்லக்கா. எனக்காக எவ்ளோ நேரம் பேசுனீங்க, பாத்தேன்ல.”

ஐயோ, அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். பட்டியல் திங்கட்கிழமைதான் மேலிடத்துக்குப் போகும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் மெட்ராஸ் ரயில். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையோடு நான்தான் ஸ்டேஷனுக்குப் போய் ஏற்றிவிட்டேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் பிளாட்பாரத்தில் நின்றேன். ஊருக்குப் போய் ஹிந்தி கத்துக்கப் போவதாகச் சொன்னாள். அடுத்த தடவை கூப்பிட்டால் அக்காவுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம். “இப்பவே ஒண்ணு சொல்லிக் குடுங்கக்கா. எனக்குக் கேக்கலன்னு எப்டிச் சொல்றது?”

என்னால் மழுப்ப முடியவில்லை. “சுனாயி நஹி தியா” என்றேன்.

இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது. அப்புறம் புருவத்தைச் சுருக்கினாள்.

“நேத்து மேடம்கிட்ட நீங்க இப்டிச் சொல்லலியேக்கா. வேற என்னமோ சொன்னீங்க. சமஜோ என்னமோ. மேடமும் அதையே திருப்பிச் சொன்னாங்க. சமஜ்னா இன்னாக்கா?”

“புரியறது” என்றேன்.

“ஓ” என்றாள். திட்டவில்லை, அழவில்லை. புளியோதரைப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். வண்டி நகர்ந்தபோது கையாட்டினாள், அதுவும் நான் ஆட்டிய பிறகுதான்.

ஸ்டேஷனிலிருந்து மேடமுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். திங்கட்கிழமைக்கு முழுசாக ஓர் இரவு இருந்தது. போனைக் கையில் எடுத்தேன். மேடத்தின் நம்பர் வரைக்கும் போனேன். வீட்டுக்கு வந்து, நான் தேர்வானதற்கு அப்பா வாங்கி வைத்திருந்த பேடாவைச் சாப்பிட்டேன்.

தகுதிச் சுற்றில் நான் ஒரு நிமிஷம்கூட மைதானத்தில் இறங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் டிஃபென்ஸ் கிழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலிம்பிக்குக்கு யாரும் போகவில்லை. திரும்பி வந்த பிறகு மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இப்போது எதற்குச் சொல்கிறாய்?” என்று மட்டும் கேட்டார்.

அவளுக்கும் போன் செய்தேன். ஊர்ப்பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம், பந்து ஆடுவதில்லையாம். நான் அழுதுகொண்டே ஒன்று விடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

“தெரியும்க்கா. ரயில்லயே தெரிஞ்சிடுச்சு” என்றாள். பிறகு, “ஷிஃப்டுக்கு நேரமாவுது, வச்சிடட்டுங்களா?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நானும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

ஒலிம்பிக் கைவிட்டுப் போனதெல்லாம் ஆறிவிட்டது. மொழி தெரியாத ஊரில் அவளுக்கு வாயாக இருக்கத்தான் என்னை நிறுத்தினார்கள், நானோ அந்த வாயை வைத்து எனக்காகப் பேசிக்கொண்டேன் என்கிற வெட்கம் மட்டும் இன்னும் ஆறவே இல்லை.