அது சாப்பிட்டால்தான்

எனக்கு வாய் நீளம். கோபம் வந்தால் என்ன பேசுகிறோம் என்று எனக்கே தெரியாது, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் என் ஒன்பது வயது மகளிடம் மூன்று நாள் ஒரு அதட்டல்கூடப் போடாமல் கிடந்தேன். அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கும்போது பிள்ளையைத் திட்டினால் ஆத்தாவைத் திட்டியது மாதிரி. பிள்ளை கேட்பதை மறுக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. நான் மறுத்தேன், பொய்யும் சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன்.

கருவடிக்குப்பத்தில் ஒரு அறையும் சமையற்கட்டும் இருக்கிற வாடகை வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அந்த வாரம் ஆந்திராவுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். எனக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை. லீவு சொல்லிவிட்டு, வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, மகளோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். வேப்பிலையைப் பார்த்தால் அக்கம்பக்கத்தில் யாரும் படியேற மாட்டார்கள். நானும் யார் வீட்டுப் படியும் ஏறக் கூடாது.

மூன்றாம் நாள் காலையில் கேழ்வரகுக் கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

"அதுக்கு நாலு நாளா யாரும் சாப்பாடு போடலம்மா. அது சாப்ட்டாதான் நான் சாப்புடுவேன்."

அது என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு பிராணி. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி பழக்கிவிட்ட விளையாட்டு. உலகத்துப் பிள்ளைகளெல்லாம் விளையாடுகிறதாம். ஆளுக்கொரு பிராணியை எடுத்து, பேர் வைத்து, சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டும். போடாவிட்டால் அதற்குப் பசிக்கும், வாடிப்போகும். என் மகளுடையது ஊதா நிறம், நீளக் காது, வால் நுனியில் கொத்தாக முடி. சனி ஞாயிறு ஆனால் மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டருக்கு அரைமணி நேரம் ஓடுவாள். வாரநாளில் அந்தத் தோழி தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து சாப்பாடு போட்டுவிடுவாள். அந்தப் பெண்ணுக்கும் இப்போது அம்மை. வகுப்பில் யாரிடமிருந்தோ இரண்டு பேருக்கும் வந்துவிட்டது.

"அது நெசமில்லடி கண்ணு," என்றேன்.

"எனக்கு நெசம்."

முந்தின நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா என்னை நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் ஆகாரம் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், பிள்ளை ஒன்றுக்குப் போகாமல் இருந்தால் உடனே தூக்கி வந்துவிடு, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்று. அன்றைக்கு விடிந்ததிலிருந்து அவள் ஒன்றுக்கே போகவில்லை. உதடு வெடித்திருந்தது. உடம்பைத் தொட்டால் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது.

சரி, பிள்ளைதானே என்று நினைத்தேன். தெருமுனை வரைக்கும் போய் ஒரு இளநீரை வெட்டி வாங்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தேன்.

"போட்டுட்டேன். நல்லா சாப்ட்டுச்சு. இப்ப நீ குடி."

"இன்னா போட்ட?"

"சோறுதான்."

"அங்க சோறே கெடையாதும்மா."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இளநீர் அப்படியே இருந்தது. ஆத்தா வந்திருக்கிற வீட்டில், அவள் தலைமாட்டிலேயே நின்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டேனே என்று என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

கடைசியில், "சொல்லித் தா, நெசமாவே போறேன்," என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துத் தந்து, எழுதக் கை வராமல் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். பேர், பாஸ்வேர்டு, எதை அழுத்தினால் எது வரும் என்று எல்லாமே. இலவசமாக சூப் ஊற்றுகிற இடம் ஒன்று இருக்கிறதாம், படத்தில் அதைத் தேடி அழுத்தினால் போதுமாம். நம் ஊரில் ஆடி மாசம் கூழ் ஊற்றுவதுபோல என்று நினைத்துக்கொண்டேன். கதவை வெளியே கொக்கி போட்டுவிட்டு நடந்தேன். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேனே பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

சென்டர் வைத்திருந்தவர் மில்லில் வேலை பார்த்து, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். மெஷினைப் போட்டுவிடத் தெரியும், அணைக்கத் தெரியும். "இந்தக் கொழந்தைங்க ஆடறதெல்லாம் எனக்கு ஒண்ணும் புரியாது தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போய்ப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். வீட்டில் அம்மை என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் உள்ளேயே விட்டிருக்க மாட்டார். பிள்ளைகள் யாரும் இல்லாத வேளை, அதுவரைக்கும் நல்லது.

நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். துண்டுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஊதாப் பிராணி வந்தது. காதெல்லாம் தொங்கிக் கிடந்தது. பசி என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும், சிரிக்காதீர்கள், எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஊர்ப் படம் மாதிரி ஒன்று வந்தது. சூப் ஊற்றுகிற இடத்தைத் தேடி அங்கே இங்கே அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு யுகம் ஆனது. சூப் இடம் வரவில்லை, வேறொரு இடம் வந்தது. பச்சையாக ஒரு வீடு. உள்ளே வரிசையாகப் பிராணிகள், மஞ்சள் உடுப்பில் சிரித்த முகமாக ஒரு பெண். கீழே எழுதியிருந்ததைக் கூட்டிப் படித்தேன். உங்கள் பிராணியை இங்கே விடலாம், இங்கே இருக்கும்வரை அதற்குப் பசிக்காது. அப்படித்தான் போட்டிருந்தது, நான் ஒன்றும் தப்பாகப் படிக்கவில்லை.

அடடா, இது பால்வாடி இல்லையா!

என் மகள் இரண்டரை வயதிலிருந்து பால்வாடியில் வளர்ந்தவள். காலையில் விட்டுவிட்டு நான் வேலைக்கு ஓடுவேன். அங்கேயே சாப்பிடுவாள், தூங்குவாள். சாயங்காலம் போய்த் தூக்கிக்கொள்வேன். அது இல்லாமல் போயிருந்தால் எங்கள் வீட்டில் உலை கொதித்திருக்காது. பிள்ளைக்கு மூன்று முறை வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி முடிய இன்னும் ஒரு வாரம் ஆகுமே, அதுவரை தினமும் பிள்ளையைப் பூட்டிவிட்டு இங்கே எப்படி வருவது? இங்கே விட்டுவிட்டால் ஒரு வாரமும் அதற்குப் பசிக்காது, இவளும் நிம்மதியாகக் கஞ்சி குடிப்பாள். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டது. ஊதாப் பிராணியின் முகம் கோணிக் கண்ணீர் வந்தது. முதல் நாள் எல்லாப் பிள்ளையும் அழத்தான் செய்யும், என் மகள் மூன்று நாள் அழுதாள். மறுபடியும் ஆமாம் என்று அழுத்திவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ராணி மாதிரி சொன்னேன். "ஒரு வாரத்துக்குக் கவல இல்ல. அதுக்குன்னு இருக்கிற பால்வாடில உட்டுட்டு வந்துட்டேன்."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "பச்ச வூடா? மஞ்சளா ஒருத்தவங்க நின்னாங்களா?"

"ஆமா, அவங்கதான்."

"அம்மா... அது வேணாங்கிறவங்க உடற எடம்மா. அநாத இல்லம். யாரு வேணா எடுத்துட்டுப் போய்டுவாங்க. எடுத்துட்டா திரும்ப வராது."

கண்ணீர் முகத்துக் கொப்புளங்களின் மேல் இறங்கியது. எரிச்சல் தாங்காமல் கையைக் கொண்டுபோனாள். சொறிந்துவிடப் போகிறாளே என்று கையைப் பிடித்தேன், உதறினாள். கஞ்சி, இளநீர், மோர், எதையும் உதட்டருகே கொண்டுபோக விடவில்லை. ஒன்றுக்கு வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். மணி பதினொன்றரை.

மறுபடியும் கொக்கி, மறுபடியும் ஓட்டம். செருப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. போய் நின்றால் சென்டர் இருட்டாகக் கிடக்கிறது.

"கரண்ட் போயிடுச்சு தங்கச்சி. லைன்ல வேல பாக்குறாங்களாம், ரெண்டு மணி நேரம் ஆவும்."

நாசமாய்ப் போக, இன்றைக்குத்தானா லைனில் வேலை! வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த மனுஷர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். பக்கத்துத் தெருவிலும் கரண்ட் இல்லை. படியில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை, வீட்டுக்கு ஓடினேன். அவள் கண்ணை மூடிக் கிடந்தாள், மூச்சு சூடாக வந்தது. ஈரத்துணியை உதட்டில் வைத்தேன், வாயை இறுக்கிக்கொண்டாள். திரும்ப சென்டருக்கு ஓடினேன். இப்படி மூன்று முறை. இந்நேரம் எந்தத் தேசத்துப் பிள்ளை அந்தப் பச்சை வீட்டுக்குள் வந்து வரிசையைப் பார்க்கிறதோ, யாருக்கு ஊதா பிடிக்குமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இரண்டு மணிக்குள் கஞ்சி இறங்காவிட்டால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

ஒன்றரைக்கு மின்விசிறி சுற்றியது. அவசரத்தில் பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பாகிவிட்டது. என் நிலையைப் பார்த்து அவரே எழுந்து வந்தார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை, வீட்டில் அம்மை என்பதைச் சொல்லிவிட்டேன். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிராணியின் பேரைப் போட்டுத் தேடினோம். வந்தது. அதே ஊதா, அதே வால், ஆனால் காது நிமிர்ந்திருந்தது, பசி என்று இருந்த இடத்தில் வயிறு நிறைந்தது என்று போட்டிருந்தது. மேலே வேறு யாருடைய பேரோ இருந்தது.

"யாரோ எடுத்துட்டாங்கம்மா," என்றார். "எந்தத் தேசமோ தெரியல."

"கேட்டா குடுக்க மாட்டாங்களாண்ணே?"

இரண்டு விரலால் தட்டித் தட்டி, என் மகளுக்கு உடம்பு சரியில்லை, தயவுசெய்து திருப்பித் தாருங்கள் என்று அந்தப் பேருக்கு எழுதினார். பத்து நிமிஷம் பார்த்தோம். பதில் வரவில்லை. அதற்கப்புறமும் வரவே இல்லை.

"கெடச்சிடுச்சுன்னு சொல்லிடு தங்கச்சி. கொழந்ததானே, மொதல்ல அது கஞ்சி குடிக்கட்டும்," என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். காசு வாங்கவில்லை.

வழியெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிடைத்துவிட்டது, சூப் ஊற்றினேன், சிவப்புக் கிண்ணம், மிச்சம் வைக்காமல் குடித்தது. இந்த முறை மாட்டிக்கொள்ள மாட்டேன், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தானே வருகிறேன். வாசலில் வேப்பிலை வாடித் தொங்கியது. கொக்கியை எடுத்தேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் வரைக்கும் வந்த பொய் அங்கேயே நின்றுவிட்டது.

"போயிடுச்சுடி. வேற யாரோ எடுத்துட்டாங்க. அம்மா தெரியாம பண்ணிட்டேன்."

அவள் அழவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பாத்தியா அத?"

"பாத்தேன்."

"எப்புடி இருந்துச்சு?"

"காது நிமிந்து இருந்துச்சு."

"பசின்னு போட்டிருந்துச்சா?"

"இல்ல. வயிறு ரொம்பிடுச்சுன்னு போட்டிருந்துச்சு. அவங்க எடுத்த ஒடனே சாப்பாடு போட்டிருக்காங்க போல."

"நெசமா?"

"ஆத்தா மேல ஆணையா."

கையை நீட்டினாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

"கஞ்சியக் குடும்மா. அது சாப்ட்டாதான் சாப்புடுவேன்னு சொன்னேன்ல. அது சாப்ட்டுச்சு."

காலையில் ஆற்றி வைத்த கஞ்சி. மேலே ஆடை கட்டியிருந்தது. வேறு கரைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெடித்த உதடு எரிய எரிய, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். காலி டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.