மஞ்சள் தண்ணீர் குடித்த லேப்டாப்

எங்களுக்கும் என் ஓரகத்தி குடும்பத்துக்கும் தறிப்பட்டறை ஒன்றுதான். ஆயுத பூஜையை அங்கேதான் சேர்ந்து கும்பிடுவோம். அந்த வருஷம் தறிச் சாமான்களோடு இரண்டு லேப்டாப்பும் பலகையில் ஏறின. ஓரகத்தி மகள் வீட்டிலிருந்தே பெங்களூர்க் கம்பெனி வேலை பார்க்கிறாள். அவளுடையது சம்பளத்தில் வாங்கிய புதுசு. என் மகளுடையது பழசு. அவளுடைய கல்லூரிக் கடைசி வருஷ புராஜெக்ட் முழுக்க அதற்குள்தான் இருந்தது. இரண்டு நாளில் கொடுத்தாக வேண்டும்.

வந்தவர்கள் எல்லோரும் அந்தப் புதுசையே பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சாமி முன்னால் நிற்கிறோம் என்ற நினைப்புகூட இல்லை. ஓரகத்தி அதன் மூடியின் மேல் ஒரே ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். நான் எங்களுடையதைத் திறந்து, பட்டன் பட்டனாகப் பொட்டு வைத்தேன். மகள் வெளியே பொரி கொடுத்துக்கொண்டிருந்தாள். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தெளித்தேன் என்று சொல்வது பொய். சொம்பையே சாய்த்துவிட்டேன். பிறகு மூடி, மேலே பூ வைத்தேன்.

சாயந்திரம் ஓரகத்தி மகள் வந்தாள். “ஆபீசுல கூப்படறாங்க சித்தி” என்று தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள்.

“நானும் எடுத்துக்கட்டுமாங்கம்மா?” என்றாள் என் மகள்.

“பூஜைல வெச்சத நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கோணும். அவங்க ஊட்ல சாமி பயம் இல்லீன்னா நம்மூட்லயும் இல்லாம போயிருமா?”

ஓரகத்தி காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் எடுத்தால் லேப்டாப் உயிர் பெறவில்லை. சாய்த்ததும் மஞ்சளாகச் சொட்டியது.

“இதுல தண்ணி ஊத்துனது யாரு?”

“தீர்த்தந்தான் கண்ணு. ஒண்ணும் ஆவாது.”

மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் கேட்டு ஓரகத்தியும் அவர் மகளும் வந்தார்கள். “மறுக்கா ஆன் பண்ணாத புள்ள” என்று ஓரகத்தி மகள் லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்தாள். குட்டி ஸ்குரூடிரைவரால் திறந்து, உள்ளேயிருந்து பிஸ்கட் அகலத்தில் ஒரு தகட்டைக் கழற்றித் துடைத்தாள். “புராஜெக்ட் இதுலதான் இருக்குது.”

ஓரகத்தி என்னைப் பார்த்தார். “ஏம் புள்ள, அபிஷேகமே பண்ணிப்போட்டயா?”



ஓரகத்தி மகள் அந்தத் தகட்டை ஒயர் வைத்த ஒரு டப்பியில் போட்டு, தன் லேப்டாப்பில் சொருகினாள். சற்று நேரத்தில் புராஜெக்ட் முழுக்கத் திரையில் வரிசையாக வந்தது. என் மகள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். “நீ இல்லீன்னா நா என்னக்கா பண்ணீருப்பேன்?” என் பக்கம் திரும்பவே இல்லை. காபி கொண்டுபோனேன், அதையும் என்னிடம் வாங்காமல் அந்த அக்கா கையிலிருந்துதான் வாங்கிக் குடித்தாள்.

சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ‘எம்புள்ள படிப்பக் காப்பாத்திப்போட்ட, சாமி. அதுக்கு உனக்கு அந்தக் கைதான் கெடச்சுதா?’ என்றுதான் கேட்க முடிந்தது. கற்பூரத்தை ஏற்றிவிட்டு, அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத் தோசை ஊற்றப் போனேன்.