இரண்டே இருக்கை உள்ள வண்டி

மரிசா பொனால்டி அந்த வண்டியை வாங்கப் போனபோது ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வண்டியின் சொந்தக்காரர் எங்கள் ஊரில் பெரிய கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர். பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், கோழியை மட்டும் எழுப்ப மறுத்துவிட்டார்.

"இன்னும் ஒம்பது நாள் இருக்கும்மா குஞ்சு பொரிக்க. அப்புறமா வந்து எடுத்துட்டுப் போ."

மரிசா ஒன்பது நாள் பொறுத்தாள். பொறுத்தாள் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், கொட்டகை வாசலில் நின்று, வண்டியையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வருவாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. இரண்டு வருடம் சனி ஞாயிறு தவறாமல் ரொட்டிக்கடையில் நின்று சேர்த்த பணம் அது.

வண்டி ஜப்பானில் செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. மடக்கினால் மடங்கும் கூரை. பொத்தானை அழுத்தினால் முன்விளக்குகள் இரண்டும் தூங்கி எழுந்தவன் கண்போல மேலே வரும். அதாவது வர வேண்டும். நிறம் சிவப்பு என்று பதிவுத்தாள் சொன்னது. வெயிலும் மழையும் சேர்ந்து அதைத் தக்காளி ரசத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தன.

பத்தாம் நாள் அப்பா ரென்சோ டிராக்டருக்குப் பின்னால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். வாசலில் அம்மா லொரெட்டா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இது காரா, குளிக்கிற தொட்டியா?"

"ஸ்போர்ட்ஸ் கார்மா."

"ரெண்டு சீட்டுதான் இருக்கு. வீட்ல மூணு பேர் இருக்கோம்."

"மூணாவது ஆள் நடந்து வரட்டும்," என்றான் ரென்சோ.

லொரெட்டா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பத்தொன்பது வருடமாக அறுபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு உயரமான இருக்கையிலிருந்து உலகத்தைப் பார்ப்பவள். சின்ன வண்டிகள் எல்லாம் அவளுக்குச் சாலையில் பறக்கும் கொசுக்கள்.

"நான் இதுல ஏற மாட்டேன். என்னை இதுல ஏத்தணும்னா பொட்டியில வெச்சுதான் ஏத்தணும்."

"பொட்டி இதுல நுழையாதும்மா," என்றாள் மரிசா.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், பன்னிரண்டாம் வகுப்பு விருந்துக்காக. எங்கள் நாட்டில் பள்ளிப் படிப்பு முடிவது நவம்பரில். அப்போது நகர மண்டபத்தில் நடக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் அக்கறை இல்லை. ஆறிப்போன கோழியும் ஆடத் தெரியாத பையன்களும்தான். வந்து இறங்குவதுதான் எல்லாம். மதியம் மூன்று மணிக்கே ஊர் மொத்தமும் மடக்கு நாற்காலியும் ஐஸ் பெட்டியுமாக மண்டபத் தெருவில் இடம் பிடித்துவிடும். பிள்ளைகள் ஆளுக்கொரு வாகனத்தில் வந்து இறங்குவார்கள், கசாப்புக்கடைக்காரர் மைக்கில் பெயர் சொல்லுவார். ஒருத்தன் கரும்பு வெட்டும் இயந்திரத்தின் மேல் நின்று வந்திருக்கிறான். ஒருத்தி டிரெய்லரில் ஏற்றிய படகில் வந்தாள். இன்னொருத்தன், அப்பாவுக்குச் சவ ஊர்தித் தொழில், பின்னால் நீட்டிப் படுத்தே வந்தான். ஆனால் தானே பழுது பார்த்த வண்டியைத் தானே ஓட்டி வந்தவர் எங்கள் ஊரில் இதுவரை யாரும் கிடையாது. மரிசாவுக்கு அதுதான் வேண்டும். பக்கத்து இருக்கையில் சிநேகிதி கீலி.

ஆசை இருக்கு தாசில் பண்ண என்பார்களே, அந்தக் கதைதான் முதலில். இருக்கைக்குக் கீழே இருந்த விரிப்பைத் தூக்கினால் தரை தெரிந்தது, கொட்டகைத் தரை. இடது முன்விளக்குக்குள் பச்சைத் தவளைகள் குடும்பமாகக் குடியிருந்தன. அப்பாவின் கருவிப்பெட்டியில் இருந்ததெல்லாம் கரும்பு இயந்திரத்துக்கான ஸ்பேனர்கள், ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு.

"உன் வண்டிக்கு நகவெட்டிதான் சரிப்படும்," என்று சொல்லிவிட்டு ரென்சோ ஒதுங்கிக்கொண்டான்.

ஆக, பெண்கள் இருவரும்தான். கீலி கைப்பேசியில் வீடியோவை ஓட்டி உரக்கச் சொல்லுவாள், மரிசா வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து செய்வாள். ஒரு முறை கியர்பெட்டியை முழுதாகக் கழற்றி மாட்டி முடித்து, இருவரும் கை குலுக்கிக்கொண்ட பிறகு, தரையில் ஒரு போல்ட்டு மிச்சம் கிடந்தது. மறுபடி கழற்றினார்கள். இரண்டு நாள் தேடியும் அந்தப் போல்ட்டுக்கு எங்கும் இடமில்லை.

மூன்றாம் நாள் ரென்சோ வந்தான். "இங்க ஒரு போல்ட்டு கெடந்துச்சா? புல்லு வெட்டுற மிஷின்ல இருந்து விழுந்தது."

கீலி அவனை அடிக்கப் போய்விட்டாள்.

எஞ்சின் முதன்முதலாக உயிர் பிடித்த அன்று கொட்டகை முழுக்கப் புகை. மரிசாவுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியை அணைக்கக்கூடத் தோன்றாமல் வெளியே ஓடி, வீட்டை இரண்டு முறை சுற்றி, நாயைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். சைலன்சர் ஓட்டை. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்கிற கணக்கில் மூன்று தெரு தள்ளியிருப்பவர்களுக்கும் சேதி போய்விட்டது. பிறகு சைலன்சர் மாற்றினாள், தரைக்குத் தகடு வைத்தாள், சிவப்பு வண்ணம் தானே அடித்தாள். வண்ணம் காய்வதற்குள் எஞ்சின் மூடியில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது, அதை அப்படியே விட்டுவிட்டாள். இடது விளக்கு மட்டும் கடைசிவரை வலதுக்கு அரை நொடி பிந்தித்தான் எழும்பியது. கொட்டகைப் பக்கம் வந்த கிழவர்கள் எல்லாம் வண்டி தங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். வண்டியைச் சோதிக்கிறவர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டு மூன்றாம் முறை தகுதிச் சான்று கொடுத்தார்கள். பதினாலு மாதம் ஆகியிருந்தது. விருந்துக்கு இன்னும் மூன்று வாரம்.

மிச்சம் இருந்தது ஓட்டுநர் தேர்வு ஒன்றுதான். எல் போர்டோடு நூறு மணி நேரம் ஓட்டியாக வேண்டும், அதை அம்மாவின் வெள்ளை வண்டியில் என்றோ முடித்திருந்தாள். நூறு மணி நேரமும் லொரெட்டா பக்கத்தில் இருந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வீங்கிப்போனாள். டவுன்ஸ்வில் நகரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தேர்வு அதிகாரி வருவார். விருந்துக்குப் பத்து நாள் முன்னால் மரிசாவின் முறை வந்தது.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் பாதியை, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயில் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் ஒரு 'நில்' பலகை. அரவை நடக்கிற மாதங்களில் எல்லோரும் நிற்போம். ஆலை கடைசிச் சங்கு ஊதிவிட்டால் அடுத்த ஜூன்வரை ரயில் கிடையாது, அதனால் ஒருத்தரும் நிற்பதில்லை. பாதிரியார் நிற்பதில்லை. போலீஸ்காரர் நிற்பதில்லை. கொஞ்சம் மெதுவாக்கி, வழக்கத்துக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு உருட்டிக்கொண்டு போய்விடுவோம். அந்த வருடம் மழை குறைவு, கரும்பும் குறைவு, ஆலையை முந்தின வியாழக்கிழமையே மூடிவிட்டார்கள்.

தேர்வு அன்று மரிசாவும் அம்மாவின் வெள்ளை வண்டியை மெதுவாக்கினாள், பார்த்தாள், அழகாக உருட்டினாள்.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்தப் பலகையில என்ன எழுதியிருந்தது?"

"நில்."

"நின்னீங்களா?"

"அரைச்சு முடிஞ்சிடுச்சே சார்."

"என்ன முடிஞ்சுது?"

"கரும்பு. ஆலை மூடியாச்சு. இனிமே ஜூன்லதான் ரயில் வரும்."

"அது ஆலைக்காரங்க விவகாரம். நான் பலகையைத்தான் பாக்கணும்," என்று சொல்லி அவர் தாளில் ஒரு கோடு போட்டார்.

அவ்வளவுதான். பதினாலு மாத உழைப்பு ஒரு கோட்டில் போயிற்று. அதிகாரி அடுத்து வருவது விருந்து முடிந்து நாலு நாள் கழித்து. மரிசா வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புற விழுந்தாள். லொரெட்டா அறைவாசலில் நின்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள்.

"பத்தொம்பது வருசமா அந்த எடத்துல பஸ்ஸை நிறுத்துறேன். அரவை இருந்தாலும் நிறுத்துவேன், இல்லேன்னாலும் நிறுத்துவேன். நீ பின்னாடி உக்காந்துக்கிட்டு 'போம்மா, ரயில் வராது'ன்னு எத்தனை தடவை கத்தியிருக்க?"

மரிசா தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சரியாகச் சொல்கிறவர்களோடு பேச யாருக்குத்தான் பிடிக்கும்?

எல் போர்டோடு ஓட்டலாம்தான். ஆனால் பக்கத்தில் முழு உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். இருப்பது இரண்டே இருக்கை. கீலி தற்காலிக உரிமம் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது, அது செல்லாது. ரென்சோவை உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஆறரை அடி மனிதன். முழங்கால் இரண்டும் தாடையை இடித்தன, தலை முன்கண்ணாடிக்கு மேலே தனியாகத் தெரிந்தது.

"மூணாவது கியர் போடணும்னா நான் எறங்கிக்கணும்போல இருக்கே," என்றான். பிறகு இறங்கவும் முடியவில்லை. கீலி ஒரு கையையும் மரிசா ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். அவன் போட்ட கூச்சல் சாலைவரை கேட்டது.

மிச்சம் ஒரே ஆள். மரிசா இரண்டு நாள் தன்மானத்தோடு மல்லுக்கட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள். லொரெட்டா மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு உதவி."

"முடியாது."

"இன்னும் கேக்கவே இல்லையே."

"உங்கப்பன் அதுல மாட்டிக்கிட்டுக் கத்துனப்பவே தெரிஞ்சுபோச்சு, அடுத்தது நான்தான்னு."

மரிசா திரும்பிப் போகத் தொடங்கினாள். கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எந்தக் கலர்ல போட்டுக்கணும்?"

"என்னது?"

"டிரஸ். நான் பத்தாவதோட ஆலை கேன்டீனுக்கு வேலைக்குப் போயிட்டேன். இருவத்தேழு வருசமா அந்தத் தெருவுல மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து ஊரான் வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கை தட்டுறேன். எந்தக் கலர்னு கேட்டேன்."

அம்மா அந்தத் தெருவில் உட்கார்ந்திருப்பதை மரிசா ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. "பச்சை," என்றாள். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கீலிக்கு வருத்தம்தான். தீயணைப்பு வண்டியில் இடம் கிடைத்து, சைரன் அடிக்கவும் அனுமதி கிடைத்ததும் அந்த வருத்தம் இருந்த இடம் தெரியவில்லை. மஞ்சள் எல் போர்டில் ஜிகினா ஒட்டித் தருகிறேன் என்று வந்தாள்.

"எழுத்து மறைஞ்சா அபராதம்," என்று லொரெட்டா விரட்டிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. காற்று ஈரத்துணியாக மேலே ஒட்டியது. லொரெட்டா பச்சைப் பட்டுக் கவுனில், உதட்டில் சிவப்புச் சாயத்தோடு, முதலில் பின்புறத்தை இறக்கி அப்புறம் காலை உள்ளே சுழற்றி ஏறினாள். முதல் வளைவில் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வளைவில் அவள் கட்டியிருந்த கொண்டை அவிழ்ந்து காற்றில் பறந்தது. மூன்றாவதில் சிரிக்கத் தொடங்கினாள். அம்மா இப்படிச் சிரிப்பதை மரிசா அதுவரை கேட்டதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளையின் சிரிப்பு.

மண்டபத் தெரு முனையில் வரிசை. முன்னால் தீயணைப்பு வண்டி, பின்னால் ஒரு டிராக்டர். அவர்கள் முறை வந்ததும் கசாப்புக்கடைக்காரர் மைக்கை எடுத்தார்.

"அடுத்து வர்றது மரிசா பொனால்டி. தன் கையால பழுது பாத்த வண்டியில, தானே ஓட்டிக்கிட்டு..." அங்கே அவர் கண்ணில் எல் போர்டு பட்டது. "பக்கத்துல அம்மாவோட."

தெரு வாய்விட்டுச் சிரித்தது. மரிசாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. கையை எடுக்கவும் முடியாது, முகத்தை மறைக்கவும் முடியாது. அப்போதுதான் யாரோ "ஏய், நம்ம லொரெட்டா" என்று கத்தினார்கள். லொரெட்டா சந்தோஷம் தாங்காமல், ஓடுகிற வண்டியில் பாதி எழுந்து கையை ஆட்டினாள். அவள் பேருந்தில் போய்ப் படித்தவர்கள்தான் அந்தத் தெருவில் பாதிப் பேர். இப்போது அவர்களில் சிலர் இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். பத்தொன்பது வருடம் தினம் காலையில் அவளிடம் வாங்கியதை ஒரே குரலில் திருப்பிக் கொடுத்தார்கள்.

"உக்காரு. பெல்ட்டைப் போடு."

லொரெட்டா தொப்பென்று உட்கார்ந்தாள். பெல்ட்டு சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தாள். தெருவே உருண்டு சிரித்தது. பிறகு எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி.

பதினாலு மாதமாக மரிசா கனவு கண்டது இந்தத் தெருவைத்தான், இந்தக் கூச்சலைத்தான். அதில் இருந்த பெயர்தான் வேறு. ஒரு கணம் சுருக்கென்றது, இல்லை என்று சொன்னால் பொய். அடுத்த கணம் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கால் தரையில் பாவாத சிரிப்பு. மண்டப வாசலில் இறங்குவதற்கு விரித்திருந்த சிவப்புக் கம்பளம் வந்துவிட்டது, பிரேக்கை நோக்கிக் காலை நகர்த்தினாள்.

"நிறுத்தாத," என்றாள் லொரெட்டா.

"எறங்கணும்மா."

"இன்னொரு சுத்து போ."

"பின்னாடி டிராக்டர் நிக்குது."

"நிக்கட்டும். இருவத்தேழு வருசம் நான் நிக்கலையா?"

மரிசா இரண்டாவது கியரைப் போட்டாள். கம்பளத்தைத் தாண்டி, தபால் ஆபீசைச் சுற்றி, மறுபடி தெருமுனைக்கு வந்தார்கள். கசாப்புக்கடைக்காரர் பெயர்களை மறுபடி படித்தார். மூன்றாவது முறை வந்தபோது படிப்பதை விட்டுவிட்டு அவரும் கை தட்டினார். அம்மா பக்கத்தில் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மரிசாவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் திரும்பவில்லை. எல் போர்டு மாட்டியவள் சாலையைத்தான் பார்க்க வேண்டும்.