இல்ஃபோர்ட் கதவுகள்

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் எப்போதும் வீட்டை இடித்துப் பெருப்பித்துக்கொண்டே இருப்பார்கள். கழற்றிய பழைய கதவுகளை வாசலில் சாத்தி வைத்துவிடுவார்கள். வீசப்படும் பொருட்களைக் கொண்டு கலைப்படைப்புகள் செய்கிறவள் நான். அந்தக் கதவுகளைக் கேட்டேன். ஏற்றிக்கொண்டு போனால் போதும் என்றார்கள். எங்கள் கராஜ் நிரம்பியது.

"அக்கா, நீங்களும் வீடு பெருப்பிக்கப் போறியளோ?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"இல்லைத் தங்கச்சி, இது கண்காட்சிக்கு."

அவள் என் கணவரைப் பார்த்தாள். "என்னைக் கேளாதேங்கோ, நான் தூக்கிறதுக்கு மட்டும்தான்," என்றார் அவர்.

கிழக்கு லண்டனில் ஒரு சிறிய கண்காட்சிக் கூடம் இடம் தந்தது. கதவுகளை நிலைகளில் பொருத்தி, ஒன்றைத் திறந்தால் இன்னொன்று எதிர்ப்படும்படி வரிசையாக நிறுத்தினேன். கூடத்தின் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர். சுவரில் ஒட்டும் குறிப்பில் போரையும் இழந்த வீட்டையும் பற்றி நாலு வரி சேர்க்கச் சொன்னார். அப்போதுதான் பார்ப்பவர்களுக்குப் புரியுமாம்.

யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு நான் ஓடிவந்தது உண்மை. ஆனால் இந்தக் கதவுகள் அங்கிருந்து வந்தவை அல்ல. பிள்ளைகள் கோபத்தில் அடித்துச் சாத்தியவை. வாடகைக்கு இருந்தவர்கள் தனிப் பூட்டுப் போட்டவை. "இல்ஃபோர்டில் கழற்றிய கதவுகள். திறந்து போகவும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் அரை மனதோடு வாங்கிக்கொண்டார்.

திறப்பு நாளில் வந்தவர்கள் கையில் கிளாசுடன் தள்ளி நின்றே பார்த்தார்கள். ஒருவரும் தொடவில்லை. பொறுப்பாளர் என் பக்கம் திரும்பினார். எனக்குப் பதற்றம் வரவில்லை. கதவைக் கண்டவர்கள் எவ்வளவு நேரம்தான் திறக்காமல் நிற்பார்கள்?

வான் வண்டியை நிறுத்திவிட்டு என் கணவர் பிந்தி வந்தார். நேரே போய் முதல் கதவைத் தள்ளினார். அது அசையவில்லை.

"கீழை பிடிக்குது," என்று சொல்லிக் காலால் ஓர் உதை விட்டார். படாரென்று திறந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் பின்னால் ஒரு பெண் போனாள், அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர். கொஞ்ச நேரத்தில் திறக்கிற, சாத்துகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை.

பொறுப்பாளரும் இரண்டு தடவை போய் வந்தார். தான் லண்டனில் முதலில் எடுத்த அறையின் கதவும் இப்படித்தான் இறுகும் என்றார். பிறகு, போரைப் பற்றி எப்போதாவது செய்வீர்களா என்று கேட்டார்.

"செய்வேன். அதற்கு வேறு பொருட்கள் வேண்டும்," என்றேன்.

அடுத்த வருடமும் கூடத்தைத் தருவதாகச் சொன்னார். பக்கத்து அறையையும் சேர்த்துக் கேட்டேன்.