கழிவுநீர் வாயுவில் ஒரு சாயா

திருவனந்தபுரத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஒரு மூடிய தொட்டி. அதற்குள் நுண்துளைச் சவ்வுகள் ஊர்க் கழிவை வடிகட்டுகின்றன. தெளிந்த நீர் வெளியேறுகிறது. கசடு உள்ளேயே தங்கிப் புளித்து வாயுவாகிறது. அந்த வாயுவில்தான் இங்கே அடுப்பு எரிகிறது. நீலச் சுடர், துளி நாற்றமில்லை. இருந்தும் என் சாயா தொடப்படாமல் ஆறுகிறது.

கேன்டீன் நடத்தும் மார்த்தாண்டத்துச் செல்வி சிரிக்கிறாள். "வாறவங்க எல்லாரும் அடுப்பைப் போட்டோ எடுப்பாவ, சாயா மட்டும் வேண்டாம்பாவ. சார் எங்க தங்கியிருக்கிய?"

"தம்பானூர் லாட்ஜில். நேத்து ராத்திரியே வந்துட்டேன்."

"தம்பானூர் கழிவும் இங்கதான் வருது. அப்போ இந்தத் தீயில சாருக்க பங்கும் உண்டு. பின்ன என்ன அருவருப்பு?"

கிளாஸை எடுத்துக் குடிக்கிறேன்.